கார்னிவல் மேசைக்கு அடுப்பில்லாத இனிப்பு டிப்: கிறீம் சீஸா, தயிரா, ரின்பாலா, தேங்காய்ப்பாலா?

தைப்பொங்கல் முடிந்து எங்கள் கோயில் பங்கு இளையோர் கார்னிவல் கடைகளுக்குப் பெயர் கொடுக்கத் தொடங்கியதும் இந்தக் கேள்வி வந்துவிடும். "அக்கா, பிஸ்கட் தொட்டுச் சாப்பிடுகிற அந்த அமெரிக்கன் கார்னிவல் டிப்பை இங்கே யாழ்ப்பாணத்தில் செய்யலாமோ? கிறீம் சீஸ் இல்லாமல் வருமோ?"

வரும். நன்றாகவே வரும். ஆனால் கிறீம் சீஸ் இருக்கவேண்டிய இடத்தில் எதை வைக்கிறோம் என்பதைக் கவனமாகத் தெரிவு செய்யவேண்டும். பலர் ருசியை வைத்தோ விலையை வைத்தோ தெரிவு செய்கிறார்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அந்தக் கோப்பை பிறிஜ்ஜுக்கு வெளியே எவ்வளவு நேரம் இருக்கப்போகிறது? வீட்டு மேசையில் அரை மணித்தியாலமா, பள்ளிக்கூட மைதானத்தில் பின்நேரம் மூன்று மணியிலிருந்து இரவு எட்டு மணி வரையா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் அசல் எது என்று பார்ப்போம். நியூ ஓர்லியன்ஸ் நகரில் கார்னிவல் காலம் ஜனவரி 6, மூவிராசாக்கள் திருநாளன்று தொடங்கி, விபூதிப் புதனுக்கு முதல்நாள் செவ்வாயன்று முடிகிறது. அந்தச் செவ்வாய்தான் மார்டி கிரா. விபூதிப் புதனோடு தவக்கால நோன்பு தொடங்க முன்பு வீட்டிலிருக்கும் பால், பட்டர், முட்டை, கொழுப்பு எல்லாவற்றையும் சாப்பிட்டுத் தீர்க்கிற பழைய வழக்கத்தோடு சேர்ந்து வளர்ந்த கொண்டாட்டம் அது. அந்தக் காலம் முழுக்க அங்கே கிங் கேக் சாப்பிடுவார்கள். ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த மாவில் கறுவாவும் சீனியும் தூவி, வளையமாக முறுக்கிப் போறணையில் வேகவைத்து, மேலே ஊதா, பச்சை, பொன்னிறச் சீனி தூவுகிற கேக். உள்ளே ஒரு சின்னக் குழந்தைப் பொம்மை இருக்கும். யாருடைய துண்டில் அது வருகிறதோ அவர்தான் அடுத்த கேக்கைக் கொண்டுவர வேண்டும். வேகவைக்க நேரமில்லாதவர்கள் அந்தக் கேக்கின் ருசியைக் கோப்பைக்குள் கொண்டுவரக் கண்டுபிடித்த வழிதான் இந்த டிப். கிறீம் சீஸ், ஐசிங் சீனி, அடித்த கிறீம், வனிலா, கறுவா. சிலர் பெட்டியில் வரும் கேக் மாவையும் அப்படியே கொட்டிக் கலப்பார்கள்.

இதில் விடக்கூடாதவை எவை? கறுவா, வனிலா, இனிப்புக்குள் இருக்கும் ஒரு மெல்லிய புளிப்பு, மூன்று நிறம். இவை நான்கும் இருந்தால் சாப்பிடுகிறவர்களுக்கு அது கார்னிவல் டிப்தான். கீழே இருப்பது கிறீம் சீஸாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

2027 இல் விபூதிப் புதன் பெப்ரவரி 10. பெப்ரவரி யாழ்ப்பாணத்தில் நல்ல காலம். மாரி முடிந்து, விடியப்புறம் பனி விழும். ஆனால் பகலில் முப்பது பாகை வந்துவிடும். தகரக் கூரைக் கொட்டகைக்குள் அதைவிடக் கூட. பால் சேர்ந்த உணவைப் பிறிஜ்ஜுக்கு வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது, 32 பாகைக்கு மேலே போனால் ஒரு மணித்தியாலம்தான் என்பது உணவுப் பாதுகாப்பில் பொதுவான விதி. பிள்ளைகள் சாப்பிடுகிற மேசை என்றால் இந்த விதியோடு விளையாட வேண்டாம்.

சரி, ஒவ்வொன்றாக வருவோம்.

கிறீம் சீஸ்

ருசியில் இதற்கு ஈடில்லை என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கிறீம் சீஸில் சட்டப்படி குறைந்தது 33 வீதம் பால்கொழுப்பு இருக்கவேண்டும். அந்தக் கொழுப்புத்தான் நாக்கில் மெதுவாக உருகி, கறுவா வாசத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கிறது. புளிப்பும் உப்பும் அதிலேயே இருப்பதால் நாம் பெரிதாக ஒன்றும் செய்யவேண்டியதில்லை. 250 கிராம் கிறீம் சீஸ், ஒரு கப் ஐசிங் சீனி, ஒரு கப் அடித்த கிறீம், ஒரு தேக்கரண்டி வனிலா, ஒரு தேக்கரண்டி கறுவாத்தூள். இவ்வளவுதான்.

வேலையில் கவனிக்க வேண்டியது இரண்டு. சீஸைப் பிறிஜ்ஜிலிருந்து எடுத்த கையோடு அடித்தால் கட்டி கட்டியாக நிற்கும். பிறகு எவ்வளவு அடித்தாலும் அந்தக் கட்டி போகாது. அரை மணித்தியாலம் வெளியே வைத்து, தனியாக அடித்து வழவழப்பாக்கிய பிறகுதான் சீனி சேர்க்கவேண்டும். கிறீம் இதற்கு நேரெதிர். அது பிறிஜ் குளிரில் இருந்தால்தான் பொங்கும். கோப்பையையும் பீட்டர் கம்பியையும்கூடக் குளிரவைப்பது நல்லது. அதிலும் 35 வீதத்துக்குக் குறையாத கொழுப்புள்ள கிறீம் வேண்டும். பழக்கலவைக்கு மேலே ஊற்றுகிற ரின் கிறீமை வாங்கி வந்து எவ்வளவு நேரம் அடித்தாலும் பொங்காது.

யாழ்ப்பாணத்தில் இதை எடுத்தால் வரும் சிக்கல் விலை மட்டுமல்ல. நகரத்துப் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் ஒருநாள் இருக்கும், அடுத்த வாரம் இருக்காது. கடையிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து மைதானத்துக்கு என்று ஒவ்வொரு தடவையும் குளிர் விட்டுப்போகிறது. ஸ்கூட்டி கொழுவியில் வெயிலில் ஆடிக்கொண்டு வந்த சீஸ் வீட்டுக்கு வரும்போதே வேர்த்திருக்கும். கடைக்கு ஐம்பது அறுபது பேருக்குச் செய்வதென்றால் போட்ட காசைத் திருப்பி எடுக்கவும் முடியாது. பங்குக்குக் காசு சேர்க்கிற கார்னிவலில் அது சரியில்லை.

அதனால் கிறீம் சீஸை நான் ஒரு இடத்துக்கு மட்டும் சொல்வேன்: கார்னிவல் செவ்வாய் இரவு, வீட்டில், பத்துப் பேருக்குள், பிறிஜ்ஜிலிருந்து எடுத்து வைத்து உடனே சாப்பிட்டு முடிக்கிற இடம். வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் அசல் ருசியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் செலவழியுங்கள், தப்பில்லை. முழுச் சைவக்காரர் வருகிறார் என்றால் பெட்டியின் பின்பக்கத்தை வாசித்துப் பாருங்கள். சில சீஸ்களில் விலங்கிலிருந்து எடுத்த உறைபொருள் இருக்கும்.

வடித்த தயிர்

என் மனம் எப்போதும் இதில்தான் நிற்கிறது. காரணம், கிறீம் சீஸின் புளிப்பு இதில் இயல்பாக இருக்கிறது. மிச்சத்தைத் துணியும் ஒரு இரவும் பார்த்துக்கொள்ளும்.

தயிரில் எருமைத் தயிரா, பசுத் தயிரா என்பது முதல் தெரிவு. பசுப்பாலில் கொழுப்பு நான்கு வீதத்தை ஒட்டி நிற்கும், எருமைப்பாலில் ஏழு எட்டு வீதம். அந்த வித்தியாசம் வடித்த பிறகு இன்னும் பெரிதாகத் தெரியும். எருமைத் தயிர் கரண்டியில் எடுத்தால் அப்படியே நிற்கிறது. பசுத் தயிர் கரண்டியை விட்டுச் சரியும். மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிர் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். சட்டியே கொஞ்சத் தண்ணீரை உறிஞ்சிவிடுவதால் நமக்குப் பாதி வேலை குறைகிறது. பசுத் தயிர்தான் கையில் இருக்கிறதென்றால் அதிலும் செய்யலாம். கடைசியில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால்மா கூடப் போடுங்கள். பால்மா ஈரத்தைக் குடித்து, புளிப்பையும் தணிக்கும்.

கோப்பையில் விற்கிற யோகட்டை இதற்கு எடுக்கவேண்டாம். பலவற்றில் ஜெலட்டின் சேர்த்திருக்கிறார்கள், சீனியும் இருக்கிறது. துணியில் கட்டினால் சரியாக வடியாது. ஜெலட்டின் மாட்டு, பன்றித் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது என்பதால் நல்லூரடியிலிருந்து வருகிற சைவச் சிநேகிதிக்கு அதை நீட்டவும் முடியாது.

வடிக்கிற முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதம். பழைய வெள்ளை வேட்டித் துணியைச் சுடுதண்ணீரில் அலசிப் பிழிந்து, தயிரைக் கொட்டி மூட்டையாகக் கட்டி, குசினிக் குழாயில் தொங்கவிடுவதுதான் பலருடைய வழக்கம். நம்முடைய சூட்டில் இரவு முழுக்க வெளியே தொங்கினால் விடியும்போது கடும் புளிப்பு. அந்தப் புளிப்பை மூட இன்னும் சீனி, இன்னும் சீனி என்று போகும். மூட்டையை ஒரு வடிதட்டில் வைத்து, கீழே கோப்பை வைத்து, மேலே ஒரு தட்டும் தண்ணீர் நிரப்பிய போத்தலும் பாரத்துக்கு வைத்துப் பிறிஜ்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். எட்டுப் பத்து மணித்தியாலத்தில் ஒரு லீற்றர் தயிர் ஏறக்குறைய அரைவாசியாகிவிடும். துணியை விரிக்கும்போது தயிர் துணியின் இழைக்கோடுகளைத் தன் மேலே பதித்துக்கொண்டு, ஓரத்தில் சுருங்கி, தட்டினால் அசையாமல் இருக்கவேண்டும். விரலால் தடவினால் பட்டர் மாதிரி வழுக்கிப் போகும். அதுதான் பதம். துணியோடு இன்னும் ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தால் மறுபடி கட்டி இரண்டு மணித்தியாலம் விடுங்கள்.

இரண்டு கப் வடித்த தயிருக்கு அரை கப் ஐசிங் சீனி, ஒரு தேக்கரண்டி வனிலா, ஒரு தேக்கரண்டி கறுவாத்தூள், உப்பு ஒரு சிட்டிகை. சாதாரணச் சீனி போட்டால் அது தயிரிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையும். அரை மணித்தியாலத்தில் டிப் தளர்ந்துவிடும். ஐசிங் சீனியில் கொஞ்சம் சோளமா கலந்திருப்பதால் அது பிடித்து வைத்திருக்கும். எதுவானாலும் பரிமாறப் போகும்போதுதான் இனிப்பைக் கலக்கவேண்டும். கரண்டியால் மெதுவாக மடித்துக் கலந்தால் போதும். பீட்டர் போட்டு அடித்தால் வடித்த தயிர் இளகி, வடித்த பலனே போய்விடும்.

மேலே பனம்பாணி ஒரு சுற்று ஊற்றினால் இது அமெரிக்க டிப்பிலிருந்து கொஞ்சம் விலகிப் போகும், ஆனால் அழகாக விலகும். தயிரும் பாணியும் நம்முடைய நாக்குக்குப் பழகிய சோடி. பனங்கட்டிதான் இருக்கிறதென்றால் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, கட்டாயம் வடிகட்டி, ஆறவைத்துச் சேருங்கள். பனையிலிருந்து இறக்குகிற கருப்பநீர் புளிக்காமல் இருக்க முட்டியில் சுண்ணாம்பு தடவுவார்கள். அதன் பொடியும் மணலும் அடியில் தங்கியிருக்கும். ஒரு மண் நறுக்கென்று பல்லில் பட்டால் அவ்வளவு வேலையும் வீண். ஓலைக் குட்டானோடு கிடைக்கிற பனங்கட்டிக்கும் போத்தல் பாணிக்கும் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் கடையில் கேட்டுப் பார்க்கலாம்.

குறை என்ன? இதுவும் பால் உணவுதான், இரண்டு மணித்தியால விதிக்குள் வருவதுதான். வெளியே நிற்கிற நேரம் கூடினால் புளித்துக்கொண்டே போகும், ஓரத்தில் தண்ணீர் விடும். ஐஸ் வைத்துச் சமாளிக்கலாம்: பெரிய சட்டியில் ஐஸ், அதற்குள் டிப் கோப்பை. குருநகர், பாசையூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு மீனுக்குப் போடும் ஐஸ் இலகுவாகக் கிடைக்கும். அதைத் தடித்த பொலித்தீன் பையில் கட்டிக் கோப்பைக்குக் கீழே மட்டும் வையுங்கள். உணவில் படக்கூடாது, உருகிய தண்ணீர் கோப்பைக்குள் தெறிக்கவும் கூடாது.

வீட்டுக் கொண்டாட்டம், பங்கு மண்டபத்துக்குள் ஒரு மணித்தியாலத் தேநீர், வகுப்பறை விழா எல்லாவற்றுக்கும் இதுதான் என் தெரிவு.

ரின்பால்

மைதானக் கடை என்று வந்தால் தயிரை விட்டுவிட்டு இதற்கு வந்துவிடுவேன். ரின்பால் என்பது சீனி சேர்த்துக் கெட்டியாக்கி ரின்னில் அடைத்த பால்; அதில் எடையில் நாற்பது வீதத்துக்கு மேல் சீனி. அந்தச் சீனி தண்ணீரைக் கட்டி வைத்திருப்பதால் கிருமி பெருக வழி குறைவு. ரின்பால் பூட்டிய ரின்னில் மாதக்கணக்கில் வெளியே நிற்பதற்குக் காரணமும் அதுதான். அதோடு தண்ணீர் சேர்க்காமல், பட்டரும் உலர்ந்த மாவும் மட்டும் சேர்த்துச் செய்கிற டிப் ஒரு பின்நேரம் முழுக்க நிழலில் நிற்கும். தண்ணீர் சேர்க்காமல் என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஈரக் கரண்டி, ஈரமான பழத்துண்டு எல்லாம் அந்தப் பாதுகாப்பை உடைக்கும்.

இதிலே எனக்குப் பிடித்த வேலை ஒன்று இருக்கிறது. அமெரிக்கர் கேக் மாவைப் பச்சையாகக் கொட்டுகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? பச்சை மாவில் நோய்க்கிருமி இருக்கலாம். வேகவைக்காத மாவைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது நல்லதல்ல. ஆனால் அந்த மாவு இல்லாமல் டிப்பில் கேக் ருசி வராது. நம்முடைய குசினியில் இதற்கு விடை ஏற்கெனவே போத்தலில் இருக்கிறது: வறுத்த பயத்தம்மா. பயத்தம் பணியாரத்துக்குப் பயறை வாசம் வரும்வரை வறுத்துத் திரித்து வைக்கிறோமே, அதே மா. ரின்பாலில் கலந்து, கறுவா போட்டுப் பாருங்கள். வேகவைத்த பலகாரத்தின் உள்பக்கத்தை நக்கியது போன்ற ஒரு ருசி வரும். கோதுமைமாதான் வேண்டும் என்றால் பிட்டுக்கு அவித்து அரித்து வைக்கிற மா இருக்கிறது. அதை மணம் வரும்வரை வறுத்து ஆறவைத்துப் போடலாம். ஆனால் பயத்தம்மாவின் வாசம் அதில் கிடைக்காது.

அளவு: 100 கிராம் பட்டரை அறைச் சூட்டில் இளகவிட்டு, வெள்ளையாக வரும்வரை அடித்து, ஒரு ரின் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடியுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் பிரிந்துவிடும். பிறகு மூன்று மேசைக்கரண்டி பயத்தம்மா, நான்கு மேசைக்கரண்டி பால்மா, கறுவா, வனிலா, அரைத் தேக்கரண்டிக்குக் குறைவாக உப்பு. பட்டரில் உப்பிருந்தால் உப்பைக் குறைத்துவிடுங்கள். பீட்டர் இல்லையென்றால் மரக்கரண்டியும் பொறுமையும் போதும். கரண்ட் இல்லாத நாளிலும் செய்யக்கூடிய ஒன்று இது.

புளிப்பு இதில் கிடையாது, அதுதான் இதன் பெரிய குறை. தேசிக்காய்த் தோலைப் பச்சைப் பகுதி மட்டும் துருவிப் போட்டால் வாசத்தால் அந்தக் குறை கொஞ்சம் அடங்கும். சாறு விட்டால் ரின்பால் புளிப்பில் இறுகித் தடிக்கும், ருசியும் அருமை. ஆனால் அப்போது பட்டரையும் மாவையும் விட்டுவிட்டு, ஒரு ரின்னுக்கு இரண்டு மேசைக்கரண்டி சாறு என்ற கணக்கில் அதைத் தனியான டிப்பாகச் செய்யவேண்டும். ஈரம் சேர்வதால் அதை ஐஸில் வைப்பதுதான் நல்லது.

இன்னொரு குறை, இனிப்பு. இரண்டு மூன்று தரம் தொட்டவுடன் திகட்டும். அதனால் கோப்பையைச் சின்னதாக்கி, தொட்டுக்கொள்ள உப்புள்ளதைக் கொடுக்கவேண்டும். கடைக்கு அது இலாபம்தான்: ஒரு ரின் நிறையப் பேருக்குப் போகும்.

தேங்காய்ப்பால்

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் வருகிறார்கள் என்றால் மட்டும் இதற்குப் போங்கள். முதற்பாலைப் பிழிந்தபடியே வைத்தால் நம்முடைய வெயிலில் சில மணித்தியாலத்தில் கெட்டுவிடும். பனங்கட்டியோடு சேர்த்து அடுப்பில் வற்றவைத்தால் நிற்கும். ஆனால் அப்போது அடுப்பில்லாத டிப் என்று சொல்ல முடியாது. அதோடு தேங்காய்க் கொழுப்பு 24 பாகையை ஒட்டி உருகும். பெப்ரவரி விடியற்காலையில் நீங்கள் கிண்டி வைத்தபோது கட்டியாக இருந்தது, மத்தியானம் மைதானத்தில் ரசமாகிவிடும். ருசி என்னவோ மிக நல்லது, ஒரு சிட்டிகை உப்பும் ஏலமும் போட்டால் கோப்பையை வழித்துச் சாப்பிடுவார்கள். வீட்டில் பால் விலக்கிய ஒருவருக்காகச் செய்யலாம். கடைக்கு வேண்டாம்.

நிறம்

ஊதா, பச்சை, பொன். நியூ ஓர்லியன்ஸில் ரெக்ஸ் என்ற ஊர்வலக் குழு 1872 இல் இந்த மூன்றையும் எடுத்தது. 1892 ஊர்வலத்தில் ஊதாவுக்கு நீதி, பச்சைக்கு விசுவாசம், பொன்னுக்கு வல்லமை என்று பொருள் கொடுத்தார்கள். தவக்காலத்தில் பூசை உடுப்பும் ஊதா என்பதால் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம்.

நிறத்தை டிப்புக்குள் கலக்காதீர்கள். மூன்றையும் ஒரே கோப்பையில் கலந்தால் கடைசியில் சேற்று நிறம்தான் மிஞ்சும். சீனிக்கு நிறமேற்றி மேலே தூவுவது பார்க்கவும் அழகு, கடிக்கும்போது மொறுமொறுப்பும் கிடைக்கும். மூடியுள்ள போத்தலில் நாலு மேசைக்கரண்டி சீனி, இரண்டு மூன்று துளி நிறம், குலுக்கு, தட்டில் பரப்பிக் காயவை. போத்தல் நிறம் பிடிக்காதவர்களுக்கு ஊதாவும் பொன்னும் வீட்டிலேயே கிடைக்கும். வேலியில் படர்ந்திருக்கும் நீலச் சங்குப்பூவைக் கொஞ்சச் சுடுதண்ணீரில் ஊறவிட்டால் கடும் நீலம் இறங்கும்; ஒரு துளி தேசிக்காய்ச் சாறு விழுந்ததும் கண்முன்னே ஊதாவாக மாறும். பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு செய்யுங்கள், அவர்களுக்கு அது பெரிய சந்தோசம். பொன்னுக்கு நுனிவிரல் மஞ்சள்தூள் போதும். கூடினால் கறி வாசம் வரும். பச்சைதான் கஷ்டம். றம்பை இலைச் சாறு வாசம் தருகிற அளவுக்கு நிறம் தராது, அதற்குப் போத்தலையே நம்பவேண்டியிருக்கிறது.

தூவிய சீனி ஈரத்தில் கரைந்து வழியும். தயிர் டிப்பில் பத்து நிமிடம்கூட நிற்காது. கொடுக்கிற நேரத்தில் தூவுங்கள். ரின்பால் டிப்பில் நீண்ட நேரம் நிற்கும். கடைக்கு அதை நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொட்டுக்கொள்ள

மாரி பிஸ்கட் எல்லாருக்கும் பிடிக்கும், உடைந்தும் போகாது. இஞ்சி பிஸ்கட் கறுவாவோடு நன்றாகச் சேரும். ரின்பால் டிப்புக்கு என் விருப்பம் முறுக்கு: அந்த உப்பும் ஓமமும் திகட்டலை வெட்டிவிடும். முறுக்கைச் சின்னத் துண்டாக உடைத்துப் போடுங்கள். முழு முறுக்கு கோப்பைக்குள் போகாது.

பழத்தில் ஒரு எச்சரிக்கை. அன்னாசியிலும் பப்பாசியிலும் புரதத்தை உடைக்கிற நொதிகள் இருக்கின்றன. பச்சை அன்னாசித் துண்டைத் தயிர் டிப்பில் கலந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் டிப் தண்ணீராகி, கசப்பும் தட்டும். பழம் பக்கத்தில் இருக்கட்டும், தொட்டவுடன் வாய்க்குப் போகட்டும். கதலிப்பழத்தை வெட்டினால் கறுக்கும், தேசிக்காய்ச் சாறு தடவி வைக்கவேண்டும். கருத்தக்கொழும்பான் மாம்பழம் பழுத்துவரும் காலம் இன்னும் வரவில்லை என்பதுதான் எனக்கு ஒவ்வொரு கார்னிவலிலும் மனக்குறை. தயிர் டிப்புக்கு அதைவிடச் சிறந்த துணை இல்லை.

ஒரே கோப்பையா, தனித்தனிக் கப்பா

வீட்டில் ஒரே கோப்பை. சுற்றி இருந்து தொட்டுச் சாப்பிடுவதில்தான் கொண்டாட்டம் இருக்கிறது. கடையில் தனித்தனிச் சின்னக் காகிதக் கப்தான், இதில் மாற்றுக் கருத்தே எனக்கு இல்லை. கடித்த பிஸ்கட்டை மறுபடியும் பொதுக் கோப்பையில் விடுகிற பிள்ளைகளை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் மனம் வராது. கப்புக்கு இரண்டு மேசைக்கரண்டி டிப், மேலே மூன்று நிறச் சீனி மூன்று கோடாக, பக்கத்தில் இரண்டு பிஸ்கட் குத்தி வைத்தால் தூக்கிக்கொண்டு நடக்கலாம். தயிர் டிப்தான் விற்கவேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களும் இப்படிக் கப்பில் போட்டு ஐஸ் பெட்டிக்குள் அடுக்கி, கேட்கக் கேட்க எடுத்துக் கொடுத்தால் சமாளிக்கலாம்.

குழந்தைப் பொம்மையை டிப்புக்குள் ஒளிக்காதீர்கள். கேக் துண்டில் அது கண்ணுக்குத் தெரியும், தடித்த டிப்பில் தெரியாது. சின்னப் பிள்ளையின் தொண்டையில் போய்விடும். அதற்குப் பதில் கப்புகளில் ஒன்றின் அடியில் வெளிப்பக்கம் ஒரு நட்சத்திரம் கீறிவிடுங்கள். சாப்பிட்டு முடித்துக் கப்பைக் கவிழ்த்துப் பார்க்கிறபோது யாருக்கு வந்ததோ, உயிர்த்த ஞாயிறுக்கு அவர் வீட்டில் பலகாரம். நாற்பது நாளுக்கு மேல் காத்திருக்கவேண்டும் என்பதால் பிள்ளைகள் அதை மறக்கவே மாட்டார்கள்.

செவ்வாய் இரவு மிஞ்சுவதைப் பற்றியும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள், மறுநாள் விபூதிப் புதன், ஒருசந்தி நோன்பு. வெளியே நின்ற தயிர் டிப் மிஞ்சினால் கொட்டத்தான் வேண்டும். அதனால் அதைக் குறைவாகவே கலந்து, வடித்த தயிரை இனிப்பில்லாமல் பிறிஜ்ஜில் வைத்திருங்கள். அது இரண்டு மூன்று நாள் நிற்கும், பாணுக்குப் பூசலாம். வடிந்த தயிர்த் தண்ணீரை ரொட்டி மா குழைக்க எடுத்துவிடலாம், ரொட்டி மெத்தென்று வரும். யாரும் கை வைக்காத ரின்பால் டிப் பிறிஜ்ஜில் ஒரு வாரம் இருக்கும். ஒரு கை பயத்தம்மா கூடப் போட்டுப் பிசைந்து உருண்டையாகப் பிடித்தால், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஒரு பலகாரம் ஆயிற்று.